நாலடி போதும்

டெக்சாஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

ஜெயபிரகாஷ் எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகந்தானே? நியூ ஜெர்சிக் குளிரில் அக்காவின் முழங்கால் ரொம்பப் படுத்தியிருக்கும். இங்கே நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் என் குரல் கேட்டால் சாரதா எழுந்து வேறு ரூமுக்குப் போய்விடுகிறாள் என்று நம் பெண் ரோஷினி சொன்னாள். அண்ணன் வீட்டில் அவள் உட்காருகிற ஒரு சோபாவிலிருந்தும் நான் அவளை எழுப்பிவிட வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஒரு யோசனை கேட்கத்தான் எழுதுகிறேன். டிராக்டர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துவிட்டது. ஸ்டியரிங், மட்கார்டு எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். விற்றுவிடு என்று சொல்லாத ஆள் இல்லை. விற்றால் இன்னொருத்தன் வாங்கி ஓட்டுவான், அவனுக்கும் வீடு வாசல் இருக்கும். புல் வெட்டப் பின்னால் மாட்டும் அந்த ஆறடி பிரஷ் கட்டரை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

நம் பையனைப் பறிகொடுத்த அக்டோபருக்கு அப்புறம் பதினோரு ஏக்கரிலும் யாரும் புல் வெட்டவில்லை. குட்டைக்கு இறங்கும் சரிவில் இடுப்பளவு நிற்கிறது, நடுவில் முள்ளும் கிளம்பிவிட்டது. முதல் வருஷத் திதி இந்தத் தடவை அக்டோபர் இரண்டாம் தேதி வருகிறது. மறுபடியும் அதே விஜயதசமி. அன்றைக்குச் சாரதா வந்து, வண்டி கவிழ்ந்து அவன் விழுந்த இடத்தில் நின்று ஒரு செம்பு தண்ணீர் விட வேண்டும். எனக்காக வர மாட்டாள். அவனுக்காக வருவாள். அதற்குள் அங்கே போக ஒரு பாதை வேண்டும்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்ட பழைய கட்டர் ஒன்று பார்க்கிறேன். இருபத்தைந்து குதிரைசக்தி வண்டிக்கு எத்தனை அடி கட்டர் சரி? முப்பது வருஷம் கியர்பாக்ஸோடு குடும்பம் நடத்தியவர் நீங்கள். போன தடவை உங்களைக் கேட்காமல் வாங்கினேன்.

அன்புடன்,
ஜெயபிரகாஷ்


வெஸ்ட் வின்ட்சர்
18 மார்ச் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குமாரசாமியின் ஆசிகள். அக்காவின் முழங்கால் அப்படியேதான், வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ரொட்டியும் ஊறுகாயும் சாப்பாடு ஆகாது.

பானட்டில் இருபத்தைந்து என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். பின்னால் கட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது பத்தொன்பதுதான். வெட்டும் அகலத்தில் அடிக்கு ஏறக்குறைய ஐந்து குதிரை வேண்டும். அப்புறம் கணக்கு நீங்களே போடலாம். நாலடி போதும். அஞ்சடி ஓசியில் வந்தாலும் வாங்காதீர்கள். எடை ஐந்நூறு பவுண்டுக்குள் இருக்கட்டும். அதைவிடக் கனமானதைப் பின்னால் தூக்கினால் மேட்டிலும் சரிவிலும் முன்சக்கரம் தரையில் நிற்காது. ஸ்டியரிங் இருந்தும் இல்லாத கதைதான்.

பழையதைப் பார்க்கப் போகும்போது முதலில் கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தண்டைக் கையால் பிடித்து ஆட்டுங்கள், லொடலொட என்றால் பேரிங் போச்சு. குனிந்து அடித்தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேற்றில் முட்டி போட வெட்கப்படுகிறவன் பழைய மெஷின் வாங்கக் கூடாது.

சாரதா சாப்பிடுகிறாள். காலையில் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய், இரண்டு ரயில் போகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். யாரையும் எதிர்பார்த்து அல்ல. உங்கள் பேச்சை எடுத்தால் முகம் கல்லாகிவிடுகிறது. இந்தக் கடிதங்களை அவளிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
குமாரசாமி


டெக்சாஸ்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். அக்காவுக்கு என் வணக்கம். நீங்கள் கேட்டதற்காகவே நேற்று ரசம் வைத்தேன், புளி அதிகம்.

ஒரு கட்டர் பார்த்துவிட்டு வந்தேன். போனில் நாலடி என்றான், போய்ப் பார்த்தால் அஞ்சடி. புதுசாக ஆரஞ்சு பெயின்ட் அடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தான். மூடியைத் திறந்தால் எண்ணெய் ஃபில்டர் காபி நிறத்தில் இருந்தது. முட்டி போட்டு அடியிலும் பார்த்தேன். பிளேடு பிடித்திருக்கும் தகட்டில் விரல் நீளத்துக்கு விரிசல்.

வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை. உன் வண்டிக்கு இது கொஞ்சம் பெரிசுதான், ஆனால் மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றான். அங்கேயே காருக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன், மச்சான். அன்றைக்குச் சரிவில் இறங்குவதற்கு முன் நான் பையனிடம் சொன்னதும் அதேதான். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது.

ஆறடி வாங்கியது பேராசைதான். ஒரே நாளில் மொத்த நிலத்தையும் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். உங்களைக் கேட்டிருந்தால் திட்டியிருப்பீர்கள். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சாரதா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஜெயபிரகாஷ்


வெஸ்ட் வின்ட்சர்
15 ஏப்ரல் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். ரசத்தில் புளி அதிகமானால் கொஞ்சம் வெல்லம் போடச் சொல்கிறாள் அக்கா.

வேண்டாம் என்று வந்தது நல்ல காரியம். கட்டர் கிடைத்ததும் டிராக்டரின் முன்னால் தொங்கவிடும் எடைக்கட்டிகள் நாலு வாங்கி மாட்டுங்கள். பின்னால் தூக்குவதற்கு முன்னால் ஈடு வேண்டும்.

என்னைக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன் என்கிறீர்கள். எனக்கு அவ்வளவு பெரிய ஞானம் இருப்பதாக நீங்கள் நினைக்க வேண்டாம்.

சாரதா உங்களைக் கேட்கவில்லை. ஆனால் போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல், “அந்த எடத்துல புல்லு மொளச்சிருக்குமா அண்ணா?” என்றாள். நான் எழுந்து போய் டி.வி.யைப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
குமாரசாமி


டெக்சாஸ்
11 மே 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

கட்டர் கிடைத்துவிட்டது. நாலடி, நானூற்று அறுபது பவுண்டு. எழுபத்தைந்து வயசுக்காரர் ஒருவர் குதிரைகளை விற்றுவிட்டு டவுனுக்குப் போகிறார். பெயின்ட் போய்த் துருப்பிடித்துத்தான் இருக்கிறது, ஆனால் எண்ணெய் தேன் நிறம். தண்டு ஆடவில்லை. பாரம் மிஞ்சும்போது கியர்பாக்ஸைக் காப்பாற்றத் தான் உடைவதற்கென்றே வைத்த போல்ட் கூட ஒரிஜினல். நீங்கள் பார்த்திருந்தால் தட்டிக்கொடுத்திருப்பீர்கள்.

மனிதர் டிரெய்லரில் கொண்டுவந்து, நாமே மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார். போன தடவை கட்டர் வந்து இறங்கியது ஆயுத பூஜை அன்றைக்கு. பூஜைக்கு வைத்த சாமானை அன்று ஓட்டக் கூடாது என்று யாரும் தொடவில்லை. மறுநாள் அதன் முதல் ஓட்டமே பையன் கையில். இந்தத் தடவை அரை மணி நேரம் நானே ஓட்டினேன். முன்சக்கரம் தரையை விடவில்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறேன். சீட்டுக்குப் பின்னால் நிற்கிற ரோல் பார், வண்டி கவிழ்ந்தால் ஆளை நசுங்க விடாத அந்த இரும்பு வளைவு, அது மடங்கும் இடத்தில் உருவி எடுக்கிற பின்னுக்குப் பதில் போல்ட் போட்டு நட்டை நசுக்கிவிட்டேன். இனி யார் நினைத்தாலும் அதை மடக்க முடியாது. அதனால் டிராக்டர் கராஜ் கதவுக்குள் நுழையாது, வெளியே மழையில் நிற்கிறது. நிற்கட்டும்.

சாரதாவிடம் புல் முளைத்திருக்கிறது, வெட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜெயபிரகாஷ்


டெக்சாஸ்
22 ஜூன் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா? என் கடிதம் போய் ஆறு வாரமாகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அக்காவுக்கு?

வாசல் பக்கம் நாலு ஏக்கர் முடித்துவிட்டேன். வெயில் நூறைத் தாண்டிவிட்டது, காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதோடு நிறுத்துகிறேன். சரிவுக்கு இன்னும் போகவில்லை. வண்டி போகும். எனக்குத்தான் கை வரவில்லை.

ரோல் பார் விஷயத்தை நான் எழுதியிருக்க வேண்டாம். நினைத்து எழுதவில்லை, எழுதிப் போஸ்ட் பண்ணின பிறகுதான் நினைத்தேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். பதில் போடுங்கள், மச்சான். மெயில் பாக்ஸில் கரண்ட் பில்லைத் தவிர எனக்கு யாரும் எழுதுவதில்லை.

அன்புடன்,
ஜெயபிரகாஷ்


வெஸ்ட் வின்ட்சர்
20 ஜூலை 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து எழுந்து போனது பத்துத் தடவை இருக்கும்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். அந்த ரோல் பாரை மடக்கியது நான். நவராத்திரிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவன் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம். பூஜைக்கு டிராக்டர் உள்ளே வர வேண்டும் என்றார்கள், கதவு இடித்தது, நீங்கள் மாவிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தீர்கள். பின்னை உருவி மடக்கி உள்ளே விட்டேன். நீங்கள் வந்ததும், மூன்று இஞ்ச் இடைவெளியில் நுழைத்தேன் பார்த்தீர்களா என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தபோது மணி எட்டு ஐம்பது. ஒன்பதுக்கு ராகு காலம். பையன் சீட்டில் ஏறித் திரும்பிப் பார்த்து, இது நிமிர்ந்துதானே இருக்கணும் மாமா என்று இங்கிலீஷில் கேட்டான். இதை உங்களுக்கும் சொல்லவில்லை. அவன் கேட்டான். “வெரசா எடு சாமி, ராகு காலம் வந்துரும். ஒரு ரவுண்டு போயிட்டு வந்து நிமித்திக்கலாம்” என்று நான் சொன்னேன். பெரியவர் சொல்கிறாரே என்று எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் சாரதா, “அத யாருங்க மடக்குனது?” என்று கேட்டாள். “நான்தான்” என்றீர்கள். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. ஒன்பது மாதமாகத் திறக்கவில்லை. அவள் என் வீட்டில் உட்கார்ந்து உங்களை வெறுக்கிறாள், நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறேன். எந்த இன்ஜினீயரிங் கணக்கும் எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்தும் சொன்னேன் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

குமாரசாமி


டெக்சாஸ்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

அக்காவும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அவன் கேட்டான் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு மூன்று நாள் டிராக்டர் பக்கம் போகவில்லை. உங்கள் மேல் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. உங்கள் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி வந்தது. அப்புறம் ஆறடி கட்டரை வாங்கியது யார், சரிவில் இறங்கச் சொன்னது யார் என்று நினைத்துப் பார்த்தேன். மடங்கிக் கிடந்த ரோல் பாரை நானும்தான் பார்த்தேன். குற்றத்தைப் பங்கு போட்டுக்கொண்டால் யார் பங்கும் குறையவில்லை, மச்சான்.

ஆஸ்பத்திரியில் யோசித்துத்தான் சொன்னேன். என்னோடு அவளால் இருக்க முடியாது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளுக்கு அப்பா அம்மா இல்லை. ரோஷினி கலிபோர்னியாவில் டப்ளினில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்டில் இருக்கிறாள். மிச்சம் இருப்பது அண்ணன் வீடு ஒன்றுதான். அதையும் அன்றைக்கே பிடுங்கச் சொல்கிறீர்களா? என்னை வெறுத்தாவது அவள் ஒரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்றுதான் சொன்னேன்.

நீங்கள் அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது. அக்டோபர் இரண்டுக்கு மட்டும் அனுப்பி வையுங்கள். அதற்கு மேல் நான் எதையும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
ஜெயபிரகாஷ்


வெஸ்ட் வின்ட்சர்
16 செப்டம்பர் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு சுகம். நல்ல செய்தி. சாரதா வருகிறாள். முப்பதாம் தேதிக்கு டல்லாஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று. அவளாகத்தான் கேட்டாள். “அவருகிட்டப் பேச மாட்டேன். தண்ணி விட்டுட்டுத் திரும்பிருவேன்” என்றாள். பேசாவிட்டால் என்ன, உங்கள் வாசலில் வந்து நிற்பாள்.

ஆனால் மாப்பிள்ளை, அவள் அங்கே வந்து உங்களை அந்தப் பார்வை பார்ப்பாள், நீங்கள் தலை குனிந்து நிற்பீர்கள். அதற்கு நான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தவனாக இருக்க முடியாது. என்னால் வாயால் சொல்ல வராது, முயன்று பார்த்துவிட்டேன். உங்கள் கடிதங்கள் ஐந்தையும் ஒரு கவரில் போட்டு அவள் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் இதை போஸ்ட் பண்ணப் போகிறேன். படித்தால் உங்களை அவள் சரியாகப் பார்ப்பாள். என்னை என்ன செய்தாலும் சரி.

குமாரசாமி


டெக்சாஸ்
20 செப்டம்பர் 2025

அன்புள்ள சாரதா,

எப்படி இருக்கிறாய்? மாத்திரைகளை மறக்காமல் எடுத்துக்கொள். அண்ணன் உன்னிடம் என் கடிதங்களைக் கொடுத்துவிட்டார் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. அண்ணன் மேல் கோபப்படாதே.

நேற்றுச் சரிவை வெட்டி முடித்தேன். வாசலிலிருந்து அந்த இடம் வரைக்கும் பாதை இருக்கிறது. செருப்பில்லாமலும் நடக்கலாம். பெட்ரூமை உனக்கு ஒழித்து வைத்திருக்கிறேன், நான் ஹாலில் படுத்துக்கொள்வேன். நீ என்னோடு பேச வேண்டாம். ஏர்போர்ட்டில் வந்து நிற்பேன், பெட்டியை மட்டும் கொடு.

வா, சாரதா. அவனுக்காக வா.

ஜெயபிரகாஷ்


டப்ளின், கலிபோர்னியா
6 அக்டோபர் 2025

உங்களுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு வரவில்லை. நீங்கள் ஏர்போர்ட்டில் நாலு மணி நேரம் நின்றதாக ரோஷினி சொன்னாள். நான் இருபத்தெட்டாம் தேதியே இங்கே வந்துவிட்டேன். அண்ணன் டாக்ஸி வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை திதிக்கு இந்த பால்கனியில் ஒரு செம்பு தண்ணீர் விட்டேன். கீழ் வீட்டுக்காரி மேலே பார்த்துக் கத்தினாள்.

நீங்கள் எனக்கு ஒரு வீடு இருக்கட்டும் என்று நினைத்தீர்கள். இப்போது எனக்கு அதுவும் இல்லை. யாரை வெறுக்க வேண்டும் என்று பதினோரு மாதம் நீங்களே தீர்மானித்திருக்கிறீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டிராக்டரை உள்ளே விடச் சொன்னது நான். வெளியே நின்றால் பூஜையில் சேராது என்று அண்ணனைப் போய் நச்சரித்தவள் நான். அவர் உங்களுக்கு எழுதியதில் உள்ளே விடச் சொன்னது யார் என்று இருக்கிறதா? இருக்காது. அவரும் என்னைக் காப்பாற்றித்தான் இருப்பார். ஆஸ்பத்திரியில் யார் மடக்கினது என்று நான் ஏன் அத்தனை சத்தமாகக் கேட்டேன் தெரியுமா? நீதானே உள்ளே விடச் சொன்னாய் என்று யாராவது சொல்லிவிடுவீர்களோ என்ற பயம். நீங்கள் நான்தான் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை மறைக்கத்தான் உங்களை அவ்வளவு வெறுத்தேன். இப்போது வெறுப்பதற்கும் ஆள் இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் எப்படி இருப்பது என்று மட்டும் உங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

உங்கள் கடிதங்களை எல்லாம் மூன்று தடவை படித்தேன். எத்தனை அடி, எத்தனை பவுண்டு, எண்ணெய் என்ன நிறம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பையன் என்கிறீர்கள், அவன் என்கிறீர்கள். பெயரை ஒரு இடத்தில்கூடக் காணோம். எனக்கு எழுதியதிலும் இல்லை. யாராவது ஒருத்தர் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவன் பெயர் தீரன். இருபத்துமூன்று வயசு.

அந்தச் சரிவை இனி வெட்ட வேண்டாம். புல் வளரட்டும். நான் வர மாட்டேன்.

சாரதா